எதிர்ப்பும் ஏற்பாடும்

“எழுதட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள், ஐயா!”

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். மாலை மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்துவிட்ட வேளை. அதற்கு முன் அரைமணி நேரம் நான் பேசியிருந்தேன். நீட் எனும் நுழைவுத் தேர்வு எப்படி வந்தது, எவரெவர் எதிர்த்தனர், நம் சட்டமன்றம் எத்தனை முறை அதற்கு விலக்குக் கோரிற்று, ஏழையின் பாதையில் அது எத்தகைய பாறை என்பதையெல்லாம் அடுக்கடுக்காக எடுத்துரைத்திருந்தேன். மேடையாக இருந்திருப்பின் கையொலி கிடைத்திருக்கும். அந்தப் பெண்ணோ கையொலி எழுப்பவில்லை, கேள்வி எழுப்பினாள். தந்தை கொத்தனாருக்குச் சிற்றாள். தாய்க்கு வயல் வேலை. மகளுக்கு மருத்துவராகும் ஆசை. அவளுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு சொல். என்னிடம் இருந்ததோ ஒரு சொற்பொழிவு!

நாளை சொல்கிறேன் என்றேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், வரலாற்றில் விடை தேடியவாறு வீடு திரும்பினேன். தோழர்கள் இருவரிடம் கேட்டேன். ஒருவர் சீறினார்: “எதிர்க்கும் தேர்வுக்கு நாமே பயிற்சி தருவதா? அடிமை ஓலையில் கைநாட்டு வைப்பதல்லவா அது!” மற்றவர் சிரித்தார்: “எதிர்ப்பு, போராட்டம் என்பதெல்லாம் வீண் வேலை. படிக்கச் சொல், எழுதச் சொல், வெல்லச் சொல். தகுதி இருந்தால் வெல்லட்டும். இல்லையேல் வேறு வேலை பார்க்கட்டும்!”

சீறியவர் சொன்னதும் சிந்தனைக்குரியது. சிரித்தவர் சொன்னதும் சிந்தனைக்குரியது. இரண்டையும் பகுத்தறிவெனும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதலில், தகுதி! மந்திரம்போல் உச்சரிக்கப்படும் சொல். மலை, கடல், மழை என்பனபோல் தகுதியும் இயற்கையிலே கிடக்கிறது, தேர்வு அதனை எடுத்துக் காட்டுகிறது என எண்ணுகின்றனர் பலர். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்கட்டும் அவர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறையைக் கூறும் அக்கல்வெட்டுகளை நம் மக்களாட்சிப் பெருமைக்குச் சான்றாக மேடைதோறும் காட்டுகிறோம். குடத்திலே பெயர் இடப்பட வேண்டுமானால் என்னென்ன தகுதி வேண்டும் என்பதும் அதே கல்லிலேதான் இருக்கிறது. கால் வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேத மந்திரமும் பிராமணமும் ஓதியிருக்க வேண்டும். உழுதவனுக்கு நிலமில்லை, நிலமிருந்தவனுக்கும் வேதம் ஓத உரிமையில்லை. ஆக, அவன் பெயர் குடத்தின் பக்கமே போகவில்லை. குலுக்கல் நேர்மையானதுதான், குடத்திற்குள் நுழையும் வழியன்றோ அடைபட்டிருந்தது! அளவுகோலை எவன் செய்கிறானோ, அவன் தன் உயரத்தைப் பார்த்தே செய்து கொள்கிறான். கல்லிலே எழுதப்பட்ட பாடம் இது.

பழங்கதை என்பீராயின், புதுக்கதை கேளுங்கள். பிரான்சு நாட்டின் ஆல்ஃபிரட் பினே 1905-ல் அறிவுத் தேர்வொன்று வகுத்தார். எதற்காக? வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து கூடுதல் உதவி அளிப்பதற்காக. உதவுவதற்கென்று பிறந்த அந்தக் கருவி, கடல் கடந்து அமெரிக்கா சென்றதும் ஒதுக்குவதற்கென்று ஆயிற்று. முதல் உலகப் போரில் படைவீரர்க்கு நடத்திய தேர்வு மதிப்பெண்களை வைத்துக்கொண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரிகம் 1923-ல் நூலொன்று எழுதினார். வட ஐரோப்பிய இனத்தார் அறிவில் உயர்ந்தோர், தென் ஐரோப்பியரும் கருப்பரும் தாழ்ந்தோர் என்றார். அதே பிரிகம் உருவாக்கிய தேர்வுதான் 1926 சூனில் முதன்முறையாக நடைபெற்ற சாட் எனும் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு.

பிரிகமைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வகையில் போற்றவே சொல்லுகிறேன். 1930-ல் அந்த மனிதர் தம் முடிவுகள் அடிப்படையற்றவை என்று தாமே எழுதி, வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். ஆங்கிலம் அறியாதவனிடம் ஆங்கிலத்தில் வினாக் கேட்டுவிட்டு, விடை வராததால் அறிவில்லை என்பது அறிவாகாது என உணர்ந்தார். பிழையை ஒப்புக்கொள்ளும் நெஞ்சு, அறிவியலின் அணிகலன்! ஆனால் அவர் திரும்பப் பெற்ற பின்னரும் அவர் பெற்றெடுத்த தேர்வு திரும்பிச் செல்லவில்லை, வளர்ந்தது, பரவிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1976-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் 42-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் பெயர்க்கப்பட்டது. அன்று திறந்த கதவின் வழியே பின்னாளில் நீட் நுழைந்தது. 2013-ல் முதல் தேர்வு. அதே ஆண்டு சூலையில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. 2017-ல் தமிழ்நாட்டின் தலைமீது தேர்வு வந்திறங்கிற்று. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 பெற்றவர். நீட் தேர்விலே 720-க்கு 86. ஒரே பெண், ஒரே மூளை, ஒரே ஆண்டு! ஓர் அளவுகோல் அவரை மருத்துவர் என்றது. மற்றோர் அளவுகோல் வெளியே நில் என்றது. உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடிய அவரை 2017 செப்டம்பர் 1-ல் இழந்தோம்.

“தகுதியுள்ளோரைத் தேர்ந்தெடுக்கிறது” என்கின்றனரே, எதனைத் தேர்ந்தெடுக்கிறது? நீதிபதி ஏ.கே. இராசன் குழு 2021-ல் அளித்த அறிக்கை ஓர் உண்மையை எண்களால் உரைத்தது. 2016-17-ல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோருள், பள்ளி முடித்து ஓராண்டோ ஈராண்டோ காத்திருந்து மீண்டும் முயன்றவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2020-21-ல் ஏறத்தாழ 71 விழுக்காடு! காத்திருக்க எவனால் முடியும்? வீட்டில் அடுப்பெரிய அவன் கூலி தேவைப்படாதவனால் முடியும். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட வல்லவனால் முடியும். அறிவை அளப்பதாகச் சொல்லும் கோல், அப்பன் வீட்டு நெற்குதிரையும் சேர்த்தல்லவா அளக்கிறது!

தகுதிக்கோடு புனிதமானது என்பதும் பொய்த்துப் போயிற்று. 2023 செப்டம்பரில், முதுநிலை மருத்துவ இடங்கள் நிரம்பாமல் கிடந்தபோது, முதுநிலை நீட் தகுதிக்கோடு பூச்சிய சதமானத்துக்கு இறக்கப்பட்டது. இடம் காலியென்றால் கோடு இறங்குகிறது. ஏழை வந்தால் கோடு இறங்கலாகாது என்கிறது. இறைவன் கிழித்த கோடன்று. இருக்கையில் அமர்ந்தோர் கிழித்த கோடு.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்காமல் கூறுவோம். மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. பழைய முறை தூயதா? இல்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே தாண்டி, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த தனியார் விடுதிப் பள்ளிகளை நாம் அறிவோம். தனியார் மருத்துவக் கல்லூரிகளில் இருட்டிலே நன்கொடை கைமாறிய கதையும் அறிவோம். பொதுத் தேர்வு அதனைத் தடுக்கும் என்றனர். பட்டியலுக்குள் வராதவன் பணத்தால் நுழைவது குறைந்திருக்கலாம். ஆனால், பட்டியலில் வந்தும் பணமின்மையால் விலகுகிறவனுக்கு அத்தேர்வு என்ன செய்தது?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022-ல் சாட் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியதையும் சிலர் எடுத்துக் காட்டுவர். வசதியற்ற பள்ளிகளில் ஒளிந்து கிடக்கும் திறமையாளரைக் கண்டுபிடிக்கத் தேர்வு உதவுகிறது என்று அக்கழகம் கூறியது உண்மை. எண்ணிப் பார்க்கத்தக்க வாதம்தான். ஆயினும் அங்கே அந்த மதிப்பெண், பள்ளிப் படிப்பு, ஆசிரியர் பரிந்துரை, மாணவர் வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கப்படும் ஒரு சான்று. ஆண்டுக்குப் பல முறை எழுதலாம். தவறான விடைக்கு மதிப்பெண் பறிக்கப்படுவதில்லை. இங்கேயோ, பன்னிரண்டு ஆண்டுப் படிப்பும் ஒரு பிற்பகலின் மூன்று மணி நேரத்தில் தொங்குகிறது. சான்றாக இருக்க வேண்டியது தீர்ப்பாகிவிட்டது. அதனால்தான் எதிர்க்கிறோம், தேர்வென்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குவதால் அன்று.

எனவே, சிரித்த தோழர்க்கு விடை கூறியாயிற்று. சீறிய தோழரிடம் வருவோம். அவர் கேள்வியே கடினமானது.

எதிர்க்கும் ஒன்றுக்கு ஆயத்தம் செய்வது முரண்பாடா? நம் இயக்க வரலாறே விடை சொல்லும். சாதி ஒழிய வேண்டுமென்பது நம் கொள்கை. ஆனால் 1928-ல் முத்தையா முதலியார் முயற்சியால் வகுப்புரிமை ஆணை நடைமுறைக்கு வந்தபோது அதனை வரவேற்றோம். 1951-ல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வீழ்த்தியபோது கிளர்ந்தெழுந்தோம். அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. சாதி வேண்டாம் என்போர் விண்ணப்பத்தில் சாதியைக் குறிப்பதா என்று அன்றும் கேலி பேசினர். நோய் ஒழிய வேண்டுமென்பவன், நோயாளியின் பெயரைப் பதியாமல் மருந்து கொடுப்பானா என்பதே விடையாயிற்று.

ஊர்க் குளத்து நீர் கெட்டுவிட்டது; தூர்வாரித் தூய்மை செய்யென்று ஊராட்சியோடு ஒருவன் போராடுகிறான். போராட்டம் முடியும்வரை தன் குழந்தைக்கு நீரைக் காய்ச்சிக் கொடுக்கமாட்டானா? காய்ச்சிக் கொடுப்பதால் குளம் நல்லதென்று ஒப்புக்கொண்டவனாகிவிடுவானா?

இன்னொன்றும் உண்டு, என்னை உறங்கவிடாமல் செய்தது அதுதான். “எழுதாதே” என்று நான் அந்தப் பெண்ணிடம் கூறினால், இழப்பு யாருக்கு? என் பட்டம் என்னிடம் இருக்கிறது. என் ஊதியம் மாதந்தோறும் வருகிறது. கொள்கையின் பெருமை எனக்கு. கொள்கையின் விலை அவளுக்கு! பிறர் முதுகில் ஏற்றி வைக்கும் தியாகத்துக்குத் தியாகமென்று பெயரா? வேள்வித் தீயில் தன் கையை இடாமல் பிறர் நெய்யை ஊற்றச் சொன்ன கூட்டத்தை எதிர்த்தல்லவா நாம் புறப்பட்டோம்! முழுதும் அறிந்து, அவளே மறுத்தால் அவளைத் தலைவணங்குவேன். நான் மறுக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

வரலாறும் அதையே சொல்லுகிறது. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984-ல் வந்தது. அதை ஒழிக்கும் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு, 2007-ல் ஒப்புதல் பெற்றது. இருபத்திரண்டு ஆண்டு! அத்தனை ஆண்டும் ஊர்ப்புறப் பிள்ளைகளை எழுதாமல் நிறுத்தி வைத்திருந்தால், முடிவில் சட்டம் கிடைத்திருக்கும். மருத்துவர் ஒரு தலைமுறை கிடைத்திருக்க மாட்டார்கள். சுவர் இடிகிறது என்பதற்கும் அவ்வரலாறே சான்று. இடிய நாளாகிறது என்பதற்கும் அதுவே சான்று. 2017-ல் சட்டமன்றம் இயற்றிய விலக்குச் சட்ட முன்வடிவுகள் ஒப்புதல் பெறவில்லை. 2021 செப்டம்பரில் இயற்றியதை ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் இயற்றினர். அதற்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பதினேழு வயதுப் பெண்ணின் இளமை, கோப்புகளின் வேகத்தில் நடக்காது.

ஆகவே ஆயத்தம் செய்வோம். எப்படி? அஞ்சி அன்று, அறிந்து! பூதம் என்றவுடன் விளக்கேற்றிப் பார்ப்பவன்தானே பகுத்தறிவாளன்? இந்தத் தேர்வையும் விளக்கேற்றிப் பார்ப்போம்.

2025-ஆம் ஆண்டுத் தேர்வின் அமைப்பு இது: வினாக்கள் 180, நேரம் 180 நிமிடம், மதிப்பெண் 720. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. ஆக, மதிப்பெண்ணில் பாதி உயிரியலில் இருக்கிறது. வினாவுக்கு ஒரு நிமிடம்தான். ஆனால் உயிரியல் வினாக்கள் பலவும் நினைவிலிருந்து விரைவில் விடை குறிக்கத் தக்கவை. அங்கே மிச்சப்படுத்தும் நேரமே இயற்பியல் கணக்குக்குக் கூலி. இதை அறிந்து திட்டமிடுபவள், பாடத்தை மட்டுமின்றிக் கடிகாரத்தையும் படித்தவளாகிறாள்.

சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 பறிக்கப்படும். பறிபோகும் அந்த ஒன்று நம் பிள்ளைகளை அளவுக்கு மீறி அச்சுறுத்துகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு நான்கு வினாக்களுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. 4 வந்து 3 போகும், 1 மிஞ்சும். லாபம் சொற்பம், நம்பத் தக்கதன்று. ஆனால் நான்கில் இரண்டு விடைகள் நிச்சயம் தவறென்று தெரிந்து, எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால்? நான்கு வினாக்களில் இரண்டு சரி, இரண்டு தவறு. 8 வந்து 2 போகும், 6 மிஞ்சும். அரைகுறையாக அறிந்த வினாவை அஞ்சி விட்டுவிடுபவள், தன் உழைப்பின் விளைச்சலைக் களத்திலேயே விட்டு வருகிறாள். பயிற்சி நிலையத்தில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தரும் இக்கணக்கை, அரசுப் பள்ளியில் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

மொழியிலே ஒரு பள்ளம் உண்டு. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் என வழக்கெழுந்தது. தமிழில் எழுதியோர்க்கு 196 மதிப்பெண் கருணையாக வழங்குமாறு மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே அதை நீக்கிற்று. ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே முடிவானது என்பது அத்தேர்வின் விதி. அநீதிதான்; எதிர்ப்போம். எதிர்க்கும் கையோடு, ஒளிச்சேர்க்கை என்று படிக்கும்போதே அதன் ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதிப் படிக்கச் சொல்வோம். தமிழில் புரிந்துகொண்டவளுக்கு ஆங்கிலப் பெயர் ஒரு சொல்தான். புரியாமல் ஆங்கிலத்தில் உருப்போட்டவனுக்கோ இரண்டுமே இருட்டு.

காலமும் கணக்கில் வர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து தேர்வுக்கு இடையில் கிடைக்கும் சில வாரங்கள் மீள்பார்வைக்கு உரியவை. படிக்கத் தொடங்கும் நாள், பதினோராம் வகுப்பின் முதல் நாள். வாரத்துக்கு இத்தனைப் பாடம், மாதத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு, தவறிய வினாக்களுக்குத் தனிக் குறிப்பேடு, இரவில் ஏழு மணி நேர உறக்கம்! கண்ணாடி அலமாரிக்குள் மினுக்கும் மறைபொருள் எதுவும் இதில் இல்லை. 2020-ல், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்க்கென மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அதனை ஒவ்வொரு பெற்றோரும் அறியச் செய்வது ஆசிரியர் கடமை, மன்றத் தோழர் கடமை.

படிப்பகம் நடத்தும் தோழர்களே! மாலை நேரத்தில் மன்றத்தில் நாளேடு படிக்கிறோம். நாட்டு நடப்பு பேசுகிறோம். அந்த மேசையின் ஓரத்தில் நான்கு பிள்ளைகள் இயற்பியல் கணக்குப் போடட்டும். உங்களில் அறிவியல் பட்டம் பெற்றோர் வாரத்தில் இரு மாலை கொடுங்கள். காசு வாங்கிச் செய்தால் அது கடை. காசின்றிச் செய்தால் அதுவே கிளர்ச்சி.

எச்சரிக்கை இரண்டு உண்டு. காய்ச்சிய நீரைக் குடித்துப் பழகியவன் குளத்தை மறந்துவிடலாம். தேர்வில் வென்ற நம் பிள்ளை, “நான் வென்றேனே, நீ ஏன் வெல்லவில்லை?” என்று தன் ஊர்ப் பிள்ளையைக் கேட்கத் தொடங்கினால், நாம் மருத்துவரை உருவாக்கவில்லை, மற்றொரு வாயிற்காவலனை உருவாக்கியிருக்கிறோம். வென்றவரே சான்று கூற வேண்டும்: சுவர் உயரமானது, ஏறினேன், எல்லோராலும் ஏறவியலாது, இடியுங்கள் என்று! 2024-ல் வினாத்தாள் கசிந்தது. பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் கசிவு நிகழ்ந்ததை உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. ஆயினும் தேர்வு முழுமையும் கெட்டதற்குச் சான்றில்லை என மறுதேர்வை மறுத்தது. நேர்மையாக எழுதி வென்றவரும் அன்று வாய் திறந்து நீதி கேட்டிருந்தால் எதிர்ப்பின் குரல் இன்னும் ஓங்கியிருக்கும்.

மற்றோர் எச்சரிக்கை, நம் நாவுக்கு. மறைந்த பிள்ளைகளின் படத்தைத் தூக்குகிறோம், பெயரை முழக்குகிறோம். நினைவு வேண்டும், ஆனால் சாவுக்கு மாலை சூட்டும் சொல் ஒன்றுகூட நம் வாயிலிருந்து வரலாகாது. மறுவுலகம் இல்லையென்று சொல்லும் நமக்கு இவ்வுலக வாழ்வு ஒன்றே உடைமை. ஒரு பிற்பகல் தேர்வுக்கு அதை விலையாகக் கேட்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. கொடுக்கும் கடமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. ஆகவே திட்டத்தின் முதல் தாளிலேயே இரண்டாம் வழியையும் எழுதிவிடுவோம். பொறியியல், வேளாண்மை, சட்டம், கலை, அறிவியல் என வாசல்கள் பல. அவற்றுள் நுழைவது தோல்வியன்று என்பதைப் பெற்றோரிடம் இன்றே பேசுவோம், முடிவு வெளிவரும் நாளில் அன்று.

மறுநாள் மாலை அந்தப் பெண் வந்தாள். “எழுது” என்றேன். “நான் துணையிருக்கிறேன். உயிரியல் எனக்குத் தெரியாது. தெரிந்தவரை அழைத்து வருகிறேன். வென்றால் மருத்துவராகு, அப்போதும் இத்தேர்வு அநீதி என்பதை மறவாதே. வெல்லாவிடில் உன்னிடம் குறையென்று எண்ணாதே, கோலில் குறை. வேறு வழியில் நடப்போம்.”

“அப்படியானால் போராட்டம், ஐயா?” என்றாள்.

“அது எங்கள் வேலை. வாக்குச்சீட்டு உள்ளவர்கள், வருவாய் உள்ளவர்கள், இழக்க எதையேனும் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை. உனக்கும் பதினெட்டு வயதாகும், அப்போது வா!”

புத்தகப் பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தாள். தவறிய வினாக்களுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? முதல் பக்கத்தில் தேதி எழுதினாள்.

தேர்வு ஒழிய வேண்டும், தோழர்களே! அது ஒழியும் நாள்வரை, நம் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கக் கூடாது.